இரவு ஷிப்டு, மூன்று டின், ஒரு நார்மல் இ.சி.ஜி.

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் பிறையில் இருக்கிறோம். என் தம்பிக்கு 27 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். இரவு ஏழு மணிக்கு உள்ளே போனால் காலை ஏழுக்குத்தான் வெளியே வருவான். ஓர் இரவுக்கு இரண்டு அல்லது மூன்று டின் எனர்ஜி டிரிங் குடிக்கிறான். நடுவில் கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) வேறு. போன மாதம் காலையில் மோட்டாரில் வரும்போது நெஞ்சு படபடவென்று அடித்திருக்கிறது. பினாங்குப் பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்திவிட்டு, கை நடுக்கம் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தானாம். மறுநாள் கிளினிக்கில் இ.சி.ஜி. எடுத்தார்கள், நார்மல். பிரஷர் மட்டும் 146/92. "இ.சி.ஜி.யே நார்மல், அப்புறம் என்ன?" என்கிறான். எங்கள் அப்பாவுக்கு 51 வயதில் ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இப்போது 60. தம்பி வாங்கி வைக்கும் டின்னில் அவரும் பாதி குடிக்கிறார். நண்பர் ஒருவர் கொடுத்த மூலிகைக் கோப்பி பாக்கெட்டும் குடிக்கிறார். இந்த டின் உண்மையிலேயே இருதயத்தைக் கெடுக்குமா? சர்க்கரை இல்லாத டின் என்றால் பரவாயில்லையா? இவனை எப்படி நிறுத்த வைப்பது?
ஓர் அக்கா, பிறை

பதில்:

அன்புள்ள சகோதரி,

அப்பா விஷயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்த டின் வேண்டாம், பாதியும் வேண்டாம். இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அவருடைய மூலிகைக் கோப்பியைப் பற்றி எனக்கு இன்னும் பெரிய கவலை இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தம்பியிடம் பேசும்போது ஒன்றை ஒப்புக்கொண்டு ஆரம்பியுங்கள். ஒரு டின் குடித்தவுடன் ஆள் சுருண்டு விழுந்தார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகள் பெரும்பாலும் மிகை. நோய் இல்லாத பெரியவர் ஒருவர் எப்போதாவது சின்ன டின் ஒன்று குடித்தால் பொதுவாக ஒன்றும் ஆகிவிடாது. இதை மறைத்துப் பயமுறுத்தினால், தினமும் குடித்துவிட்டு நன்றாக இருக்கும் பத்து நண்பர்களைக் காட்டி அவர் உங்கள் வாயை அடைத்துவிடுவார். எத்தனை டின், எவ்வளவு வேகமாக, எந்த நேரத்தில், எப்படிப்பட்ட உடம்பில் என்பதைத்தான் நான் பார்ப்பேன். உங்கள் தம்பிக்கு இந்த நான்கும் சரியில்லை.

அளவை முதலில் கணக்குப் பார்ப்போம். 250 மில்லி டின்னில் சுமார் 80 மில்லிகிராம் காஃபின் இருப்பது வழக்கம். அரை லிட்டர் அளவுள்ள பெரிய டின் என்றால் 160 வரை போகும். ரகத்துக்கு ரகம் மாறும், அதனால் டின்னைத் திருப்பி லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள். குவாரானா என்ற பெயர் இருந்தால் அதுவும் காஃபின் உள்ள விதைதான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன கணக்கு இது: ஆரோக்கியமான பெரியவர் ஒரே தடவையில் 200 மில்லிகிராமுக்கு மேலும், நாள் முழுக்கச் சேர்த்து 400-க்கு மேலும் போகக்கூடாது. தம்பி குடிப்பது மூன்று சின்ன டின் என்றால் 240. இரண்டு கோப்பி ஓ சேர்ந்தால் 400-ஐ நெருங்கலாம். பெரிய டின் என்றால் மூன்றிலேயே எல்லையைத் தாண்டிவிட்டார். நம் ஊர்க் கோப்பிக் கடைகளில் பெரும்பாலும் ரோபஸ்டா கொட்டைதான். அராபிகாவைவிட அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபின் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

வேகமும் முக்கியம். சுடச்சுட இருக்கும் கோப்பியை யாரும் ஒரே மூச்சில் குடிப்பதில்லை. ஜில்லென்று இனிப்பாக இருக்கும் டின்னை ஐந்து நிமிட பிரேக்கில் இரண்டுகூட இறக்கிவிடலாம். அப்படிக் குடித்தால் ஒரே தடவையில் உள்ளே போகும் காஃபின் கூடிவிடும்.

இனி அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். போய்ப் படு என்று சொல்வது அதுதான். காஃபின் அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தச் செய்தியைத் தடுக்கிறது. களைப்பு தீர்வதில்லை, தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். கூடவே அட்ரினலின் வகை ஹார்மோன்கள் ஏறுகின்றன. இரத்தக் குழாய் இறுகுகிறது, பிரஷர் கூடுகிறது, சிலருக்குத் துடிப்பு தப்புகிறது. 2015-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் 25 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஒரு பெரிய டின் எனர்ஜி டிரிங்கையும், இன்னொரு நாள் காஃபின் இல்லாத, ருசியில் அதையே ஒத்த பானத்தையும் கொடுத்துப் பார்த்தது. நார்எபிநெஃப்ரின் என்ற ஹார்மோன் எனர்ஜி டிரிங்குக்குப் பிறகு 74 சதவீதம் உயர்ந்தது, போலிப் பானத்துக்குப் பிறகு 31 சதவீதம். அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள். உங்கள் தம்பியோ தூக்கம் கெட்டு, நின்றுகொண்டு வேலை செய்கிறவர்.

அடுத்தது இரத்தக் குழாய். 2018-இல் ஹியூஸ்டனில் 44 மருத்துவ மாணவர்களிடம் ஒரு சின்ன ஆய்வு நடந்தது. கைத் தமனியை இறுக்கிப் பிடித்துவிட்டு விட்டால் அது எவ்வளவு விரிகிறது என்று அளந்தார்கள். குடிப்பதற்கு முன் சராசரியாக 5.1 சதவீதம் விரிந்தது. ஒரு பெரிய அளவு குடித்து ஒன்றரை மணி நேரம் கழித்து 2.8 சதவீதம்தான் விரிந்தது. குழாயின் உள்தோல் கொஞ்ச நேரம் மந்தமாகிவிட்டது என்று பொருள். ஆள் குறைவு, நேரமும் குறைவு. இதை வைத்து 20 வருடம் கழித்து அடைப்பு வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஓடி ஆடி வேலை செய்யும்போது தமனி விரிந்துகொடுக்க வேண்டும். அப்பாவுக்கு அடைத்ததே அந்தக் குழாய்தான்.

துடிப்பு பற்றிய ஆய்வுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2019-இல் கலிபோர்னியாவில் 18 முதல் 40 வயது வரையுள்ள 34 பேருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எனர்ஜி டிரிங்கை ஒரு மணி நேரத்துக்குள் குடிக்கக் கொடுத்து, நான்கு மணி நேரம் இ.சி.ஜி. பார்த்தார்கள். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இருதயத்தின் கீழறைகள் மின்சார ரீதியாக அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரத்தைக் க்யூ.டி. இடைவெளி என்கிறோம். அது போலிப் பானம் குடித்த நாளைவிட 6 முதல் 7.7 மில்லிவிநாடி நீண்டது. சாதாரண ஆளுக்கு இது பெரிய விஷயமே இல்லை. பிறவியிலேயே அந்த இடைவெளி நீண்டிருப்பவர்கள் உண்டு. பலருக்கு அது தெரியவே தெரியாது. அவர்களுக்கு இந்தச் சில மில்லிவிநாடி ஆபத்தாகலாம். க்யூ.டி.யை நீட்டும் மருந்து சாப்பிடுபவர்களும் அப்படித்தான். தொண்டைக்கும் சளிக்கும் கொடுக்கும் அஸித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் அந்த வகை. மேயோ கிளினிக்கே 2024-இல் இன்னொன்றை வெளியிட்டது. மரபணு இருதயக் கோளாறு சந்தேகிக்கப்பட்டு, திடீரென்று இருதயம் நின்று பிழைத்த 144 பேரில் 7 பேர் அதற்குச் சற்று முன் எனர்ஜி டிரிங் குடித்திருந்தார்கள். டின்தான் காரணம் என்று அவர்களும் சொல்லவில்லை. தூக்கமின்மை, பட்டினி, நீர் வற்றல் என்று அந்த 7 பேரில் சிலருக்கு வேறு சுமைகளும் இருந்தன. எனக்கு அதுதான் பாடமாகப் படுகிறது. தம்பியின் காலை ஏழு மணி உடம்பை நினைத்துப் பாருங்கள்.

இந்த டின்களில் சேர்க்கும் டாரின் என்ற பொருளைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. காளையின் உறுப்பிலிருந்து எடுக்கிறார்களாமே, நாம் குடிக்கலாமா என்று. 1827-இல் முதலில் அதை மாட்டுப் பித்தத்திலிருந்து பிரித்தெடுத்தது உண்மை. இப்போது டின்னில் இருப்பது தொழிற்சாலையில் இரசாயன முறையில் செய்தது. காஃபினோடு டாரினும் ஜின்செங்கும் பி வைட்டமினும் சேரும்போது தனிக் காஃபினைவிட வேறு விளைவு வருகிறதா என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. 'வைட்டமின் இருக்கிறது' என்று தம்பி சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். அந்த வைட்டமின் ஒரு தட்டு சோறு, கீரை, முட்டையில் இருக்கிறது.

சர்க்கரை இல்லாத டின்னைப் பற்றிக் கேட்டீர்கள். பாதி நல்லது. சாதாரண ரகத்தில் 100 மில்லிக்கு 11 கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். ஒரு சின்ன டின்னுக்கு 27 கிராம், மூன்றுக்கு 80 கிராம். உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது, முடிந்தால் 25. மலேசியாவில் இந்தியர்களுக்கு நீரிழிவு மற்ற இனத்தவரைவிடக் கூடுதல் என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன, அதனால் அந்தச் சர்க்கரை குறைவது நல்லதுதான். நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிக்கு 5 கிராமைத் தாண்டும் இனிப்புப் பானங்களுக்கு வரி உண்டு. ஆனால் அந்த வரி சர்க்கரைக்கு, காஃபினுக்கு இல்லை. சர்க்கரையை எடுத்துவிட்ட டின்னும் படபடப்பையும் பிரஷரையும் அதே மாதிரிதான் செய்யும்.

இப்போது அந்த நார்மல் இ.சி.ஜி. இதை வைத்துத்தானே தம்பி உங்களை மடக்குகிறார்? கிளினிக்கில் எடுக்கும் இ.சி.ஜி. தாளில் இருப்பது சுமார் பத்து விநாடித் துடிப்பு. அதுவும் மறுநாள், தூங்கி எழுந்து, டின் குடிக்காமல், மெத்தையில் படுத்துக்கொண்டு எடுத்தது. சாதாரண நாள் ஒன்றில் தண்ணீர்மலை ரோட்டைப் படம் பிடித்துவந்து, தைப்பூசத்துக்குக் கூட்டமே இல்லை என்று சொன்னால் நம்புவோமா? அந்த இ.சி.ஜி. வீண் இல்லை. க்யூ.டி. நீளம், தசைத் தடிப்பு போன்ற சிலவற்றை அதில் பார்க்கலாம். ஆனால் அன்று காலை பாலத்தில் என்ன நடந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. 24 மணி நேரம் உடம்பில் கட்டிக்கொண்டு போகும் ஹோல்ட்டர் கருவியை இரவு ஷிப்டு நாளில் மாட்டினால் பதில் கிடைக்க வாய்ப்பு கூடும். அடுத்த முறை படபடப்பு வந்தால், வீட்டுக்கு வராமல் நேராகப் பக்கத்திலுள்ள கிளினிக்கிலோ ஆஸ்பத்திரியிலோ அந்த நேரத்திலேயே இ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும்.

அந்த 146/92-ஐ யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றுகிறது. 27 வயதில் அது சரியில்லை. ஒரு தடவை பார்த்து பிரஷர் நோய் என்று சொல்ல முடியாது, விட்டுவிடவும் முடியாது. அப்பாவுக்காக வீட்டில் பிரஷர் மிஷின் இருக்கும் என்று நினைக்கிறேன். டின் குடிக்காத ஒரு வாரம், தூங்கி எழுந்ததும் ஒரு தடவை, வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை, ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். 135/85-க்கு மேலேயே நின்றால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். டின்னை நிறுத்தினதும் இறங்கிவிட்டால், தம்பிக்கு நான் சொல்வதைவிட அந்தத் தாளே நன்றாகச் சொல்லும்.

அப்பாவுக்கு 51 வயதில் வந்தது என்றீர்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அதைச் சீக்கிரம் வந்த குடும்ப நோய் என்று கணக்கில் எடுப்போம். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருவதாகப் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஆகவே தம்பிக்கு டின் பிரச்சினை இல்லாவிட்டாலும் கொலஸ்ட்ரால், சர்க்கரை, சிறுநீரகப் பரிசோதனை இப்போதே வேண்டும். படபடப்பு இருப்பதால் தைராய்டு, பொட்டாசியம், இரத்தச் சோகையும் பார்த்துவிடலாம். நீங்களும் அதே அப்பாவின் பிள்ளைதான், கூடவே போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டில் ஆரம்பிக்கலாம். தாத்தா, சித்தப்பா, மாமா என்று உறவில் யாராவது சின்ன வயதில் காரணம் தெரியாமல் திடீரென்று போனார்களா, நீச்சலிலோ விளையாட்டிலோ மயங்கி விழுந்தார்களா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்பார்.

நிறுத்த வைப்பது எப்படி? டின்னைப் பிடுங்கினால் நடக்காது. தினமும் மூன்று குடிப்பவர் ஒரே நாளில் விட்டால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும். எரிச்சல், சோர்வு எல்லாம் சேர்ந்து ஒரு வாரம்கூட நீடிக்கும். மூன்றாம் நாளே திரும்பவும் டின் திறக்கும் சத்தம் கேட்கும். முதல் வாரம் இரண்டு, அடுத்த வாரம் ஒன்று, அப்புறம் அந்த ஒன்றுக்குப் பதில் சர்க்கரையும் போடாத கோப்பி ஓ கோசோங் என்று இறங்கட்டும்.

அதைவிட, எந்த மணிக்குக் குடிக்கிறார் என்பதைப் பாருங்கள். காஃபின் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு பெரிய டின் குடித்தால், காலை பத்து மணிக்கு 80 மில்லிகிராம், அதாவது ஒரு சின்ன டின் அளவு உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான் தூங்கப் பார்க்கிறார்! தூக்கம் கெடும், சாயங்காலம் தலை கனக்கும், இன்னொரு டின் கேட்கும். நான் பார்க்கும் ஷிப்டு வேலைக்காரர்கள் பலர் இந்தச் சுற்றில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். காஃபின் வேண்டுமென்றால் ஷிப்டு தொடங்கின முதல் பாதியில் முடித்துக்கொள்ளட்டும். நள்ளிரவுக்குப் பிறகு வேண்டாம். வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் படுக்கட்டும். பிரேக்கில் 20 நிமிடம் கண்ணை மூடினால் களைப்பு குறையும், சூப்பர்வைசர் ஒப்புக்கொள்ள வேண்டுமே என்பது தனிப் பிரச்சினை. வீட்டில் பகலில் அவர் அறைக்குக் கெட்டித் திரை போடுங்கள். பகல் பதினொரு மணிக்கு டி.வி. சத்தத்தைக் குறைக்கும் பொறுப்பு உங்களுக்கும் அப்பாவுக்கும்.

மோட்டார் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். பன்னிரண்டு மணி நேர இரவு வேலைக்குப் பிறகு பதின்மூன்று கிலோமீட்டர் பாலத்தை மோட்டாரில் கடப்பது, இருதயம் நன்றாக இருப்பவருக்கே ஆபத்து. தூக்கம் சொக்கினால் எந்த டின்னும் காப்பாற்றாது. கம்பெனி பஸ் இருந்தால் அதில் வரட்டும், குறைந்தது பரிசோதனைகள் முடியும்வரை.

இன்னும் சில சேர்க்கைகளைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். மதுவோடு கலக்கக்கூடாது. போதை ஏறியதை அது மறைத்துவிடும், ஆள் இன்னும் குடிப்பார். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎபிட்ரின் மாத்திரையோடு வேண்டாம், இரண்டும் பிரஷரை ஏற்றும். ஃபுட்சால் ஆட்டத்துக்கு முன் வேண்டாம். விரதம் இருந்து காவடி எடுத்து வெயிலில் மலையேறும் நாளில், வெறும் வயிற்றில், 'தெம்புக்கு' என்று நண்பர்கள் நீட்டும் டின்னும் வேண்டவே வேண்டாம். பந்தலில் மோரும் தண்ணீரும் கிடைக்கும்.

படபடப்போடு மயக்கம் வந்தாலோ, நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல் இருந்தாலோ, ஓடும்போதோ வேலையின் நடுவிலோ சுருண்டு விழுந்தாலோ, அது நாளைக்குப் பார்க்கும் விஷயம் இல்லை. 999-ஐக் கூப்பிடுங்கள். அவரையே மோட்டார் ஓட்டிக்கொண்டு போகச் சொல்லாதீர்கள்.

சரி, அப்பாவின் மூலிகைக் கோப்பி. ஆண்மைக்கு, தெம்புக்கு என்று விற்கும் சில கோப்பி பாக்கெட்டுகளில் சில்டெனாஃபில், தடாலாஃபில் போன்ற மருந்துகள் லேபிளில் சொல்லாமல் கலக்கப்பட்டிருப்பதை நம் சுகாதார அமைச்சு கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாரடைப்பு வந்தவர்களுக்கு நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையோ ஸ்ப்ரேயோ கொடுத்திருப்பார்கள், அது நைட்ரேட் வகை. அந்தக் கலப்பட மருந்தும் நைட்ரேட்டும் உடம்பில் சேர்ந்தால் பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அவரிடம் இருக்கும் பாக்கெட் அப்படிப்பட்டதுதான் என்று நான் சொல்லவில்லை. அதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. உடனே நிறுத்தச் சொல்லுங்கள், வெட்கப்படுவார், நீங்கள் கேள்வி கேட்டுக் குடையாதீர்கள். இடையில் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், மருந்து கொடுக்கும் முன்பே அவர் இந்தக் கோப்பி குடித்ததை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மீதிப் பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் வைத்து, அவருடைய மருந்துகளோடு அடுத்த கிளினிக் தேதிக்கு எடுத்துப் போங்கள். அங்குள்ள மருந்தாளரிடம் கொடுத்தால் அதை யாருக்கு அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.